'மறந்துபோட்டேன்'னு பேசறவங்களுக்கு ஃப்ரேசல் வெர்ப் புதுசில்லீங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கங்க டீச்சர். எனக்கு கோபிசெட்டிபாளையம் பக்கம், காலேஜ் ரெண்டாவது வருஷம். ஃப்ரேசல் வெர்ப் லிஸ்ட் ஒண்ணு ஜெராக்ஸ் எடுத்து தினம் இருபதுன்னு மனப்பாடம் பண்றேன், மூணாவது நாள் பாத்தா ஒண்ணும் நெனப்புல இல்ல. லுக்னா பாக்கறது, ஆனா லுக் ஆஃப்டர்னா கவனிச்சுக்கறது, லுக் ஃபார்னா தேடறது, லுக் அப் டுன்னா மதிக்கறதுன்னு என்னென்னமோ போட்டிருக்கு. இதுல ஏதாச்சும் கணக்கு இருக்குங்களா, இல்ல எல்லாத்தையும் உருப்போட்டே ஆகணுங்களா?

பதில்: கண்ணு, மொதல்ல அந்த லிஸ்ட்ட மடிச்சு வை. நான் இப்ப 'மடிச்சு வை'ன்னு சொன்னேன் பாரு, உன் கேள்விக்கு பதில் அங்கயே ஆரம்பிக்குது. வைன்னா ஒரு பொருள ஒரு எடத்துல வெக்கறது. ஆனா "மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை"ன்னா எதை எங்க வெக்கறோம்? எதையும் வெக்கறதில்ல, பின்னாடி ஒதவும்னு இப்பவே செஞ்சிருன்னு அந்த 'வை' சொல்லுது, அவ்ளோதான். நம்ம கொங்குப் பேச்சுல இது இன்னும் தெளிவா தெரியும். மத்த ஊர்க்காரங்க 'மறந்துட்டேன்'னு சொல்றத நம்ம பக்கம் "மறந்துபோட்டேன்"ம்பாங்க, "சாப்புட்டுப்போட்டு வர்றனுங்க"ம்பாங்க, "அவன்கிட்ட அப்பவே சொல்லிப்போட்டேன்"ம்பாங்க. சாப்புட்டுப்போட்டு வர்றவங்க எதையும் கீழ போட்டுட்டு வரல, சாப்பாடு முடிஞ்சுது, அடுத்த வேலைக்கு கெளம்பியாச்சுங்கறதத்தான் அந்த 'போட்டு' காட்டுது. இத யாரும் நமக்கு லிஸ்ட் குடுத்து சொல்லித்தரல, மடியில இருக்கறப்பவே காதுல விழுந்து வந்தது.

இங்கிலீஷ்ல இதே வேலைய அப், அவுட், ஆஃப் மாதிரி குட்டி வார்த்தைங்க செய்யுது, வினையோட அது சேந்து வந்தா அதுதான் ஃப்ரேசல் வெர்ப். ஈட்னா சாப்பிடு, ஈட் அப்னா தட்டுல மிச்சம் வெக்காம சாப்பிட்டு முடி. யூஸ்னா பயன்படுத்து, யூஸ் அப்னா சுத்தமா தீத்துரு. இந்த 'அப்'புக்கும் மேலங்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நம்ம 'போடு' மாதிரி காரியம் முழுசா முடிஞ்சுதுன்னு சொல்ற வார்த்தை அது. நாம வினைக்குப் பின்னாடி இன்னொரு வினைய ஒட்டறோம், அவங்க வினைக்குப் பின்னாடி ஒரு திசைய ஒட்டறாங்க, வித்தியாசம் அங்கதான்.

இப்ப உன் 'லுக்'குக்கு வர்றேன். "பாப்பாவ பாத்துக்க கண்ணு, தோட்டத்துக்குப் போய்ப்போட்டு வந்தர்றேன்"னு உங்க அமுச்சி சொன்னா, கண்ணால மட்டும் பாத்துட்டு ஒக்காந்திருப்பியா? பால் குடுப்ப, தூங்க வெப்ப, கீழ விழாம புடிப்ப. அந்த 'பாத்துக்க' தான் லுக் ஆஃப்டர். "பாத்துப் போங்க, ரோட்ல லாரி வருது"ன்னு சொல்றோமே அது லுக் அவுட். எதிர்பாருன்னு ஒரு வார்த்தை இருக்கே, எதிர்னா முன்னால, பாருன்னா பாக்கறது, இதையே அப்படியே இங்கிலீஷ்ல வெச்சா லுக் ஃபார்வர்ட் டு, ஆசையா எதிர்பாத்துட்டு இருக்கறது. மொத தடவ இந்தப் பொருத்தம் கண்ணுல பட்டப்ப எனக்கு வகுப்புலயே ஒடம்பு சிலுத்துப் போச்சு, எங்கயோ இருக்கற ரெண்டு பாஷை ஒரே மாதிரி யோசிச்சிருக்கேன்னு. தேடிப் பாத்தா இன்னும் கெடைக்கும், புட் ஆஃப்னா தள்ளிப்போடு, அதுலயும் போடு இருக்கு, தள்ளியும் இருக்கு. பேக் அவுட்னா பின்வாங்கு. டேக் அப்னா மேற்கொள், மேல்ங்கறதும் கொள்ங்கறதும் சேந்தது தானே அது. த்ரோ அவேன்னா நம்மூர் கடாசு.

எல்லாத்துக்கும் இப்படி ஜோடி கெடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். புட் அப் வித்னா பொறுத்துக்கறதுன்னு புட்டையும் அப்பையும் வித்தையும் எத்தன தடவ பிச்சுப் பாத்தாலும் வராது. 1755ல இங்கிலீஷுக்கு பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே முன்னுரையில இதத்தான் சொல்றார், வினைக்குப் பின்னாடி ஒரு சின்ன வார்த்தைய சேத்து அர்த்தத்த மாத்தற இந்தப் பழக்கந்தான் வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாத்தையும் விட பெரிய கஷ்டம்னு. அதனால உனக்கு மறக்குதுன்னா உன் மூளைல கொற இல்ல அம்மணி.

செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டு எடுத்து அகர வரிசையா எழுதாம அப்புக்கு ஒரு பக்கம், அவுட்டுக்கு ஒரு பக்கம், ஆஃப்புக்கு ஒரு பக்கம்னு ஒதுக்கு. அர்த்தத்த மட்டும் எழுதாத, உன் வீட்ல நடந்தத வாக்கியமா எழுது. கேஸ் தீந்துபோச்சா, "வி ரேன் அவுட் ஆஃப் கேஸ்". சத்தி ரோட்ல பஸ் நின்னுபோச்சா, "த பஸ் ப்ரோக் டவுன்". ஒரு வாரத்துக்கு பத்து போதும். நடந்ததோட சேத்து எழுதின வார்த்தை லேசுல போகாது.

கேள்வி: பொள்ளாச்சிங்க. என் பொண்ணு ஏழாவது படிக்கறா, பரீட்சைல "டர்ன் ஆஃப் இட்"னு எழுதினத டீச்சர் தப்புன்னு அடிச்சிருக்காங்க. "டர்ன் ஆஃப் த லைட்" சரின்னா இது மட்டும் எப்படிங்க தப்பு? புள்ள அழுகறா.

பதில்: டீச்சர் அடிச்சது சரிங்க, ஆனா காரணத்த ஒரு வரி எழுதியிருந்தா புள்ள அழுதிருக்காது. லைட்டுன்னு பேரச் சொன்னா ரெண்டு விதமாவும் சொல்லலாம், "டர்ன் ஆஃப் த லைட்"டும் சரி, "டர்ன் த லைட் ஆஃப்"பும் சரி. பேருக்குப் பதிலா இட், தெம், ஹிம், ஹர்னு வந்துட்டா அது நடுவுலதான் ஒக்காரணும், "டர்ன் இட் ஆஃப்", "பிக் ஹர் அப்", "த்ரோ தெம் அவே". கேக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம் 'இட்', புதுசா சொல்ல வர்றது 'ஆஃப்', புதுசக் கடைசில வெச்சு அழுத்திச் சொல்றது அவங்க வழக்கம். பாப்பாவ வாய்விட்டு சொல்லச் சொல்லுங்க, டர்ன் இட் ஆஃப்ல அழுத்தம் ஆஃப் மேல விழும், காதுக்குப் பழகிட்டா மறக்காது.

ஆனா இந்த விதிய எல்லா எடத்துலயும் போட்டுறக்கூடாதுங்க. லுக் ஆஃப்டர், லுக் ஃபார் மாதிரி சிலத பிரிக்கவே முடியாது, "லுக் ஆஃப்டர் ஹர்"தான் சரி, "லுக் ஹர் ஆஃப்டர்" கெடையாது. எது பிரியும் எது பிரியாதுன்னு கண்டுபுடிக்க மாணவர்களுக்குன்னு வர்ற நல்ல இங்கிலீஷ் அகராதி ஒண்ணு வாங்கிக் குடுங்க. அதுல பிரியற வகைக்கு நடுவுல 'ஏதோ ஒண்ணு'ன்னு அர்த்தம் வர்ற சுருக்கத்த போட்டிருப்பாங்க, பிரியாத வகைக்கு அதக் கடைசில போட்டிருப்பாங்க. அந்தக் குறிய பாக்க ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டா போதும், பொறவு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

கேள்வி: திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன் மேடம், வந்து ஆறு மாசம் ஆகுது. பையர்கிட்ட இருந்து "ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் கட்டிங் அன்டில் வி சைன் ஆஃப் ஆன் த ஃபிட் சாம்பிள்"னு மெயில் வந்துச்சு, ஃபிட் சாம்பிள்னா அளவு சரியான்னு பாக்க தெச்சு அனுப்பற மாதிரிங்க. ஹோல்ட் பண்ணி வெச்சிருந்தத ஆஃப் பண்ணியாச்சு, அதாவது தடைய எடுத்தாச்சு, கட்டிங் போடலாம்னு புரிஞ்சுக்கிட்டு ஃப்ளோருக்கு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அளவுல மாத்தம் வந்துச்சு, வெட்டின துணி வீணாப்போச்சு. இந்த மாதிரி இன்னும் என்னென்ன வரும்னு பயமா இருக்கு.

பதில்: தம்பி, படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க யோசிச்ச விதம் முட்டாத்தனம் இல்ல, நம்மூர்ல ஆஃப்னா சுவிட்ச் அணைக்கறது, அதனால ஹோல்ட ஆஃப் பண்ணியாச்சுன்னு தோணறது இயல்பு. ஆனா இங்க ஆஃப்னா விலகி, தள்ளி. ஹோல்ட் ஆஃப்னா கத்திரிய துணி மேல வெக்காம தள்ளிப் புடிச்சு நில்லுங்க, இன்னும் ஆரம்பிக்காதீங்கன்னு அர்த்தம். அதே வாக்கியத்துல சைன் ஆஃப் வருதே, அது பாத்தாச்சு, சரியா இருக்கு, மேல போலாம்னு ஒப்புதல் குடுக்கறது. ஒரே வரில ரெண்டு ஆஃப், ஒண்ணு நிறுத்தச் சொல்லுது, ஒண்ணு அனுமதிய சொல்லுது. இத எழுதின பையருக்கு இது அன்றாடப் பேச்சு, படிக்கற நமக்கு இதுல காசு போகுது.

ஹோல்ட்டோட சொந்தக்காரங்களையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஹோல்ட் ஆன்னா ஒரு நிமிஷம் பொறுங்க. ஹோல்ட் அப்னா தாமதம், "த ஷிப்மென்ட் இஸ் ஹெல்ட் அப் அட் தூத்துக்குடி"ன்னா சரக்கு துறைமுகத்துல மாட்டிட்டு நிக்குது, யாரோ தூக்கிப் புடிச்சிருக்காங்கன்னு இல்ல. தேதி விஷயத்துல இன்னும் சாக்கிரதையா இருக்கணும், புஷ் பேக்னா தேதிய தள்ளிப்போடறது, ப்ரிங் ஃபார்வர்ட்னா முன்னாடியே கொண்டு வர்றது, இது ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா லைன் ப்ளானே போயிரும். அதே புஷ்பேக் பேர்ச்சொல்லா விலை பேசற எடத்துல வந்தா எதிர்ப்புன்னு அர்த்தம், "வி ஆர் கெட்டிங் புஷ்பேக் ஆன் த ப்ரைஸ்"னா உங்க விலைக்கு அவங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஆர்டர் ஃபெல் த்ரூன்னா கை கூடல, நடக்காமப் போச்சு. ஃபாலோவும் ஃபாலோ அப்பும் வேற வேற, பையர் சொன்ன இன்ஸ்ட்ரக்ஷன ஃபாலோ பண்றோம், சாயப்பட்டறைல இருந்து துணி எப்ப வரும்னு விடாம கேட்டுட்டே இருக்கறோமே அதுதான் ஃபாலோ அப்.

எத்தன படிச்சாலும் புதுசா ஒண்ணு வரத்தான் செய்யும், அதனால ஒரு பழக்கத்த இன்னிக்கே ஆரம்பிங்க. மெயில்ல இப்படி ஒண்ணு வந்தா, புரிஞ்சமாதிரி இருந்தாலும், புரிஞ்சத நேரடியான வார்த்தைல திருப்பி எழுதிக் கேட்டுருங்க. "வி வில் நாட் ஸ்டார்ட் கட்டிங் அன்டில் யூ அப்ரூவ் த ஃபிட் சாம்பிள். ப்ளீஸ் கன்ஃபர்ம்." இதுல ஒரு ஃப்ரேசல் வெர்ப் கூட கெடையாது, யாரும் தப்பா எடுத்துக்க வழியில்ல. ரெண்டு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகும், அத வெட்கமா நெனைக்காதீங்க, பொறுப்பான ஆளுன்னுதான் பையர் நெனைப்பாங்க.

கேள்வி: ஈரோடு. ஆன்லைன் இன்டர்வியூல "ஐ பாஸ்ட் அவுட் இன் 2022"ன்னு சொன்னேன், எதிர்ல இருந்த வெளிநாட்டு மேடம் ஒரு மாதிரி முழிச்சாங்க. என்னங்க தப்பு?

பதில்: வெளிநாட்டுல சாதாரணமா பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழறது. 2022ல மயங்கி விழுந்தேன்னு அந்தம்மா காதுல விழுந்திருக்கும். ஆனா இது நாம கண்டுபுடிச்ச தப்பு இல்லீங்க, பிரிட்டிஷ் ராணுவத்துல பயிற்சி முடிச்சு வெளிய வர்றவங்களுக்கு பாஸிங் அவுட் பரேடுன்னு நடத்துவாங்க, இன்னிக்கும் நடக்குது, நம்ம நாட்டுலயும் ராணுவ அகாடமில நடக்குது. அங்க இருக்கற அதே அர்த்தம் நம்மூர்ல காலேஜுக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. இங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறப்ப தாராளமா சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும். வெளியூர்க்காரங்ககிட்ட "ஐ கிராஜுவேட்டட் இன் 2022"ன்னு சொல்லிருங்க.

ஆனா இன்னொண்ணு இருக்கு, அத மட்டும் எங்கயும் விட்றணும். "கோப் அப் வித்"னு நெறையப் பேர் சொல்றாங்க, கோப் வித் மட்டுந்தான் சரி, அப் அங்க தேவையே இல்ல. கேட்ச் அப் வித், புட் அப் வித் எல்லாம் கேட்டுப் பழகினதுல இதுக்கும் ஒரு அப் சேந்துருச்சு. ரிட்டர்ன் பேக்கும் அப்படித்தான், ரிட்டர்ன்லயே திரும்பறது இருக்கு. இதுக்கு நேர்மாறா, வேண்டிய எடத்துல விட்றதும் உண்டு, "என்ன பஸ் ஸ்டாண்டுல ட்ராப் பண்ணிருங்க"ன்னு தமிழ்ல சொல்லிச் சொல்லி இங்கிலீஷ்லயும் "ட்ராப் மீ"யோட நிறுத்திர்றோம், எடத்தையும் சேத்து "ட்ராப் மீ அட் த பஸ் ஸ்டாண்ட்"னா அதுவும் சரிதான், எடம் சொல்லலைன்னா "ட்ராப் மீ ஆஃப்"னு முடிக்கணும். கூட்டிட்டுப் போக வரச் சொன்னா "பிக் மீ அப்". அப் இல்லாம பிக் மீன்னா என்னைத் தேர்ந்தெடுங்கன்னு ஆயிரும்.

கேள்வி: சிங்காநல்லூருங்க. எங்கப்பா மில்லுல இருந்தப்ப லே ஆஃப்னா கொஞ்ச நாள் வேலை இருக்காது, அரைச் சம்பளம் வரும், அப்புறம் கூப்பிடுவாங்க. இப்ப ஐடில என் தம்பிய லே ஆஃப் பண்ணிட்டாங்க, இனிமே வர வேண்டாங்கறாங்க. ஒரே வார்த்தைக்கு எப்படிங்க ரெண்டு அர்த்தம்?

பதில்: அப்பா சொன்னது சட்டத்துல இருந்த அர்த்தம். 2025 வரைக்கும் நடப்புல இருந்த 1947ஆம் வருஷத்து தொழில் தகராறு சட்டத்துல லே ஆஃப்னா கரண்ட் இல்ல, நிலக்கரி இல்ல, பஞ்சு மாதிரி கச்சாப்பொருள் இல்ல, மிஷின் ரிப்பேருன்னு ஏதாச்சும் காரணத்தால வேலை குடுக்க முடியாத நெலம. ஆளோட பேரு மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேட்டுலயே இருக்கும், ஆளக் கழிச்சுக் கட்டறதுக்கு அதே சட்டத்துல ஆட்குறைப்புன்னு தனி வார்த்தையே இருந்துச்சு. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேத்ததுல பாதி நஷ்ட ஈடா குடுக்கணும்னும் அதுலயே சொல்லியிருந்துச்சு, அந்த அரைச் சம்பளம் இதுதான். இங்கிலீஷ்லயும் லே ஆஃப்க்கு தற்காலிகமா நிறுத்தி வெக்கறதுன்னு ஒரு அர்த்தம் உண்டு. நாளாவட்டத்துல வேலைல இருந்து எடுக்கறதுங்கற அர்த்தந்தான் பெருசாயிருச்சு, ஐடி கம்பெனிங்க சொல்றது அத. வேலைல கொறை சொல்லி எடுத்தா ஃபயர், கம்பெனி ஆளக் கொறைக்கறதால எடுத்தா லே ஆஃப். உங்க தம்பி அடுத்த இன்டர்வியூல "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்"னு தைரியமா சொல்லலாம், அதுல அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பையனுக்கு சீக்கிரம் நல்ல எடத்துல கெடைக்கணுங்க.

கேள்வி: நாமக்கல். மொத்தம் எத்தன ஃப்ரேசல் வெர்ப் இருக்கு? போட்டித் தேர்வுல போஸ்ட்போன்னு எழுதறதா, புட் ஆஃப்னு எழுதறதா, எதுக்கு மார்க் எச்சா?

பதில்: ஆயிரக்கணக்குல இருக்குங்க, புதுசு புதுசா வந்துட்டும் இருக்கு, எண்ணி முடிக்கற கணக்கில்ல. ஆனா கார்னியர், ஷ்மிட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2015ல ரொம்ப அதிகமா புழங்கற 150 மட்டும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் அதிகமா வர்ற அர்த்தத்த மட்டும் போட்டு ஒரு பட்டியல் குடுத்திருக்காங்க. படிக்கறதா இருந்தா அந்த மாதிரி சின்னதா ஆரம்பிங்க. போஸ்ட்போன் விஷயத்துக்கு, லெட்டர்லயும் கட்டுரையிலயும் போஸ்ட்போன், பேச்சுலயும் ஃப்ரெண்டுக்கு எழுதறதுலயும் புட் ஆஃப். 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் புடிச்சப்புறம் பிரெஞ்சு, லத்தீன் வார்த்தைங்க கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போயி ஒக்காந்துக்கிச்சு, வீட்லயும் காட்லயும் பேசினது பழைய குட்டி வார்த்தைங்களாவே நின்னுச்சு. நாம ஸ்கூல்ல ஆபீஸ் பாஷையத்தான் மொதல்ல படிச்சோம், அதனாலதான் போஸ்ட்போன் தெரிஞ்சவங்களுக்கு புட் ஆஃப் தெரியறதில்ல. லத்தீன்ல போஸ்ட்னா பின்னாடி, போன் வந்தது வெக்கறதுங்கற சொல்லுல இருந்து, அதும் பின்னாடி தள்ளி வெக்கறதேதான்.

கேள்வி: காங்கயம் பக்கம் கிராமமுங்க, எனக்கு வயசு எழுவத்தாறு. பேரன் அமெரிக்காவுல. வீடியோ கால்ல பேசறப்ப "ஹேங் அப் பண்ணிறாதீங்க அப்பாரு, ஹேங் ஆன்"ங்கறான். ஹேங்னா தொங்கறது, தூக்குல போடறதுன்னுதான் எனக்குத் தெரியும். கேட்டா சிரிப்பான்னு உங்களுக்கு எழுதறேன்.

பதில்: ஐயா, நீங்க எழுதினதுக்கு ரொம்ப சந்தோசமுங்க. அந்தக் காலத்து டெலிபோன் சுவத்துல மாட்டியிருக்கும், காதுல வெச்சுக் கேக்கற குழாய் பக்கத்துல ஒரு கொக்கில தொங்கும். எடுத்தா லைன் வரும், பேசி முடிச்சு கொக்கில திரும்ப மாட்டினா லைன் கட்டாயிரும். அப்படி மாட்டித் தொங்கவிடறதுக்குத்தான் ஹேங் அப்னு பேரு. கொக்கி போயி, சுவத்து போன் போயி, இப்ப கையில கண்ணாடி மாதிரி போன் வந்தாச்சு, வார்த்தை மட்டும் அப்படியே நின்னுருச்சு. ஹேங் ஆன்னா கெட்டியா புடிச்சுட்டு இருங்க, வெச்சறாதீங்க, ஒரு நிமிஷத்துல வந்தர்றேன்னு அர்த்தம். பேரன் சொல்றது ரெண்டும் ஒண்ணேதான், அப்பாரு லைன்ல இருங்கன்னு கேக்கறான். அடுத்த தடவ அவன் தண்ணி குடிக்க எந்திரிச்சாலோ வேற போன் வந்தாலோ, நீங்களே மொதல்ல "ஹேங் ஆன், ஹேங் ஆன்"னு சொல்லிப் பாருங்க. அவன் என்ன சொன்னான்னு எனக்கு ஒரு கார்டு போடுங்கய்யா.